கழன்று விழுந்த கிராம்பான்

மணாலி பக்கம் ஃபிரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) ஏறப் போனபோது, வாடகைக்கு எடுத்த கிராம்பான் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் கூரிய பற்கள் கொண்ட சட்டம்) பனிச்சரிவில் இரண்டு தடவை கழன்றுவிட்டது. இரண்டாவது தடவை வலது கால் சர்ரென்று வழுக்க, பனிக்கோடரியைக் குத்தித்தான் தப்பித்தேன்.

கூடாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. அது ஆட்டோமேட்டிக் வகை. அதன் முன்கம்பி உட்கார பூட்ஸின் முனையில் ஒரு வரிப்பள்ளம் வேண்டும். என் பூட்ஸில் குதிகாலில் மட்டும்தான் பள்ளம். முன்பக்கம் வழவழவென்று ரப்பர். கடைக்காரர் சைஸ் கேட்டாரே தவிர பூட்ஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும்தான்!

கீழே இறங்கி செமி ஆட்டோமேட்டிக்காக மாற்றினேன்: முன்னால் பிளாஸ்டிக் கூடை, பின்னால் கிளிப். நீளத்தைச் சரிசெய்யும் நடுக்கம்பியை இரண்டு துளை உள்ளே தள்ளியதும் கிளிப் ‘டக்’கென்று ஏறியது. வாரைக் கட்டாமலே பூட்ஸைத் தூக்கி உதறினேன், கிராம்பான் அசையவில்லை. முன்பற்கள் முனையைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் போல நீட்டியிருந்தன.

அடி வளையும் சாதாரண ட்ரெக்கிங் ஷூவுக்கு இதுவும் ஆகாது. அதற்கு வார் போட்டுக் கட்டும் வகைதான், அதுவும் லேசான சரிவுக்கு மட்டும்.