சிவப்புப் பெட்டி மிரட்டும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மா மூன்று நாள்களாகக் கணினிப் பக்கமே போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரைமேல் குளியல் துண்டு ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தார். “ஐந்து வைரஸ் வந்துவிட்டதாம் ஐயா, வங்கிப் பணமெல்லாம் போய்விடும் என்று எழுதியிருந்தது” என்றார்.

துண்டை எடுத்துவிட்டுக் கணினியை இயக்கினேன். சற்று நேரத்தில் வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி எழும்பியது. அதில் பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் ஒன்றின் சின்னமும் ‘உடனே புதுப்பிக்கவும்’ என்ற பொத்தானும் இருந்தன. ஓரத்தில் பொடி எழுத்தில், அந்த நிறுவனத்துக்குத் தொடர்பே இல்லாத ஓர் இணையதள முகவரி தெரிந்தது. துப்பு அங்கேதான் கிடைத்தது. பெரியம்மா பக்திப் பாடல் தேடிப் போன ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதியுங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அவரும் அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் அறிவிப்பு என்ற பெயரில் மிரட்டல்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. குரோம் உலாவியின் அமைப்புகளில், தள அமைப்புகளுக்குள் இருக்கும் அறிவிப்புப் பட்டியலிலிருந்து அந்த முகவரியை நீக்கினேன். கணினியையும் ஒருமுறை முழுதாகச் சோதித்தேன். வைரஸ் எதுவும் இல்லை.

மிரட்டல் எதுவானாலும் ஒரே நோய் என்று எண்ணிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அறிவிப்புப் பெட்டி ஒரு வகை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அபாயச் சங்கு ஊதும் இணையப் பக்கம் இன்னொரு வகை. உண்மையிலேயே கணினிக்குள் குடியேறிவிட்ட போலி வைரஸ் தடுப்பான் மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

திரையை அடைக்கும் பக்கம் சில நொடிகளில் ‘நூற்றுக்கணக்கான வைரஸ்கள்’ என்று பட்டியல் போடும். உங்கள் வன்தட்டை அது பார்க்கவே இல்லை. இணையப் பக்கத்தால் அப்படிச் சோதிக்க முடியாது. ஓடுவது வெறும் படம். மூலையில் உள்ள பெருக்கல் குறியும் அந்தப் படத்தின் பகுதியாக இருக்கலாம், ஆகவே அதை அழுத்த வேண்டாம். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்கும். வேண்டாம் என்று விடுங்கள். மீட்டால் அதே சங்கு மறுபடி ஊதும்.

அந்தத் திரையில் தொலைபேசி எண் இருந்தால், அது மோசடி என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. ஜெலுத்தோங்கில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஓர் எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவன் தூரத்திலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னான், பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னான். வீட்டில் உள்ளவர்கள் விஷயம் தெரிந்ததும் கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடையில் காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் பணம், ‘அக்காவுன் கெல்டாய்’ எனப்படும், பிறரிடம் இரவல் வாங்கிய வங்கிக் கணக்குகள் வழியாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. கணினி காத்திருக்கும், பணம் காத்திருக்காது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியின் அவசர எண்ணை அழையுங்கள், அல்லது மலேசியாவில் 997. காவல்துறையையும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவையும் வங்கிகளையும் ஒன்றாக இணைத்து 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண் அது. பிறகு போலீஸ் புகார். கடவுச்சொற்களையும் கைப்பேசியிலிருந்தே மாற்றுங்கள். சந்தேகத்துக்குரிய கணினியில் மாற்றினால், புதியதையும் அவர்கள் கையிலேயே கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது வகை பழைய வியாபாரம். வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் இல்லாத வைரஸைக் காட்டிப் பணம் பறித்தவர்கள்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. ஏமாந்து வாங்கியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்றது. ஆப்பிளின் மெக் கணினிக்கு இதெல்லாம் வராது என்று நினைப்பவர்களும் உண்டு. 2011-இல் மெக் டிஃபெண்டர் என்ற போலி அங்கேயும் புகுந்தது.

இதை நீக்கப் பணம் கட்டுவது தவறு என்று பலருக்கும் தெரியும். தெரியாத தவறு, அதன் பெயரைக் கூகுளில் போட்டு ‘நீக்குவது எப்படி’ என்று தேடி, முதலில் வரும் கருவியை இறக்குவது. அதுவும் இன்னொரு போலியாக இருக்கக்கூடும். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற, மைக்ரோசாப்டின் சொந்த வைரஸ் தடுப்பான் இருக்கிறது. செயலிகள் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்தவற்றை நீக்குங்கள். பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். கணினி தானே மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த மறுதொடக்கத்தைக் கண்டு பயந்து நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். எல்லாம் முடிந்தும் இணையம் வரவில்லை என்றால், இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் பிராக்ஸி அமைப்பைப் பாருங்கள். போலி நிரல் போகும்போது அதை மாற்றிய நிலையிலேயே விட்டுப் போயிருக்கக்கூடும்.

இதற்கும் அசையவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ‘ஃபார்மட் செய்துவிடுங்கள்’ என்று உடனே தலையாட்டாதீர்கள், அது வன்தட்டில் உள்ளதையெல்லாம் அழித்துவிடும். திருமணப் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் வேறெங்காவது இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பெரியம்மா மூன்று நாள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் வைரஸ் பயம் மட்டுமல்ல. சென்ற வருடம் இப்படி ஒன்று நடந்தபோது மகன் திட்டியிருக்கிறான். ஜெலுத்தோங்கில் அந்த எண்ணை அழைத்தவரும் தம் மகளிடம் சொல்லத் தயங்கி அரைநாளைக் கழித்துவிட்டார். எனக்கு மனம் கனத்தது அங்கேதான். சந்தேகம் வந்தால் எதையும் தொடாமல் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். போன வாரம் ஒரு படம் வந்தது. உண்மையான விண்டோஸ் புதுப்பிப்புதான். “அழுத்தலாம் பெரியம்மா” என்று பதில் போட்டேன்.