பிள்ளையைத் தேர்வதா, பாட்டைத் தேர்வதா?

வெள்ளவத்தையில் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பாதிப் பல்லவிக்குள்ளேயே "இந்தப் பிள்ளைதான்" என்று மனம் முடிவுகட்டிவிடும். பிழை தொடங்குவதும் அங்கேதான். ஒரு நாடு தன் பிள்ளையை வெளிநாட்டு மேடைக்கு அனுப்பும்போதும் இதே கதைதான்.

ஐரோப்பிய நாடுகள் தங்கள் பிள்ளைகளை அனுப்பும் பாட்டுப் போட்டியான ஜூனியர் யூரோவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் கோபன்ஹேகனில் தொடங்கிய போட்டி. இலங்கை அதில் இல்லை. ஆனால் தேர்வு நடத்துகிறவர்கள் அதன் விதிகளை ஒருமுறை வாசித்தால் போதும், பாதிப் பிழை குறையும். அது பாட்டுக்கான போட்டி. மூன்று நிமிடத்துக்கு மேற்படாத, புதிதாக எழுதிய ஒரு பாட்டு. நாமோ பிரபலமான சினிமாப் பாட்டைப் பாடவிட்டுப் பிள்ளையைத் தேர்கிறோம். அந்தப் பாட்டின் மேல் நமக்கிருக்கும் பிரியம் அப்படியே பிள்ளையின் புள்ளியாகிவிடுகிறது. பிறகு அவசர அவசரமாக ஒரு மெட்டைப் போட்டுக் கொடுத்தால், அதே பிள்ளை தடுமாறும். தேர்விலேயே யாரும் கேட்டிராத பாட்டு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது தெரியும் யார் பாடகர், யார் நல்ல நகல் என்று.

அடுத்தது, பெரியவர்களின் சோகத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயில் திணிப்பது. 2008இல் ஜோர்ஜியா என்ன செய்தது தெரியுமா? மூன்று பிள்ளைகளுக்குத் தேனீ வேடம் போட்டு, எந்த மொழியும் இல்லாத ரீங்காரப் பாட்டு ஒன்றைப் பாடவைத்து வென்றது. பிள்ளைகளுக்குப் பிள்ளை விளையாட்டுத்தான் அழகு.

நம் ஊரில் இன்னொரு ஆசையும் வரும்: ஒரு சரணம் சிங்களம், ஒரு சரணம் தமிழ், முடிவில் இரண்டு வரி ஆங்கிலம். கேட்டால் கூட்டறிக்கை போலிருக்கும். பிள்ளை எந்த மொழியில் சண்டை பிடிக்கிறதோ, பாட்டின் பெரும்பகுதி அந்த மொழியில் இருக்கட்டும்.

வயது விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜூனியர் யூரோவிஷனில் போட்டி நாளன்று 9 முதல் 14 வயதுக்குள் இருக்கவேண்டும். தேர்வு நாளன்று அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது. ஓகஸ்டில் ஐந்து கட்டை சுருதியில் கணீரென்று பாடிய பதின்மூன்று வயதுப் பையனுக்கு நவம்பரில் குரல் உடைந்துவிடலாம். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் பதிவுசெய்த பின்னணி இசை ட்ராக் ஒரே சுருதியில்தான் இருக்கிறது, மேடையிலோ நேரடியாகப் பாடவேண்டும். ஆகவே ஒரு கட்டை, இரண்டு கட்டை இறக்கியும் ட்ராக்கைப் பதிவு செய்து வையுங்கள். மாற்றாக இன்னொரு பிள்ளையும் பாட்டைப் பழகியிருக்கட்டும். அதை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எஸ்எம்எஸ் வாக்கை மட்டும் நம்புவது? சரி, யாருக்கு மாமா, சித்தப்பா அதிகம் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ஜூனியர் யூரோவிஷனில் வாக்கில் பாதி நடுவர் குழுவிடம். இணையத்தில் வாக்களிப்பவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைத் தேரவேண்டும். சொந்த நாட்டுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகமுடியாது.

கடைசியாக ஒன்று. தோற்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே கமராவைக் கொண்டுபோகாதீர்கள். முடிவை மேடைக்குப் பின்னால், அம்மா பக்கத்தில் நிற்கும்போது சொல்லுங்கள். மேடையில் அறிவிப்பது பிறகு நடக்கட்டும்.