பெருநகரத்தின் கலையை நடந்தே பார்ப்பது எப்படி?

பெருநகரம் ஒன்றுக்கு முதன்முறை போகிறவர்கள் நீண்ட பட்டியலோடு போகிறார்கள். மாலையில் கால்வலிதான் மிச்சம். ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு நின்று நிதானமாகப் பாருங்கள் என்பதே என் கட்சி. கலை அருங்காட்சியகத்தில் மட்டும் இல்லை; அது பிறந்த இடத்திலேயே இன்னும் இருப்பதைக் காண நடைதான் வழி.

1. வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழைய சதுக்கம், வழிபாட்டுத் தலம், அருங்காட்சியகம் மூன்றும் அருகருகே உள்ள பகுதியை வரைபடத்தில் தேடுங்கள். சாதாரணமாக மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நடக்கிறவர்கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் பாதித் தூரமும் தாண்ட மாட்டார். அரை நாளுக்கு 3 கிலோமீட்டர் தாராளம்.

2. விடுமுறை நாளை விசாரியுங்கள்

ஒரே பாரிஸ் நகரத்தில் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை.

3. முதல் சுற்றில் மேலும் கீழும் பாருங்கள்

பழைய கட்டடங்களின் தரைத்தளம் கடைகளாக மாறியிருக்கும். சிற்பமும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் மேல்தளங்களில்தான் தப்பிப் பிழைத்திருக்கும். எதிர்ப்புற நடைபாதையில் நடந்தால் அவை கண்ணில் படும். லண்டனில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் திட்டம் 1866இல் தொடங்கியது. சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாலே வரலாறு கிடைக்கும்.

பெர்லினில் தரையைப் பார்க்க வேண்டும். நாஜிகள் கொன்றவர்கள், விரட்டியவர்கள் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டு வாசல்களில், கலைஞர் குந்தர் டெம்னிக் தொடங்கிய பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் சதுரம். பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்ற விவரம், அவ்வளவுதான். அவசரப்பட்டு நடப்பவர் மிதித்துக்கொண்டே போய்விடுவார்.

4. ஒரே ஒரு படைப்பின் முன் கால் மணி நேரம் நில்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. ரோமில் சான் லூயிஜி தெய் பிரான்சேசி தேவாலயத்தின் சிற்றாலயம் ஒன்றில், கரவாஜியோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. இடப்பக்கச் சுவரில் உள்ள ஓவியத்தில், சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து காசு எண்ணுகிறார்கள். வலது ஓரத்தில் இயேசு கை நீட்டுகிறார். ஓவியத்துக்குள் ஒரு சன்னல் உண்டு. ஆனால் வெளிச்சம் அதன் வழியாக வரவில்லை, இயேசுவின் தலைக்கு மேலாக வலப்புறத்திலிருந்து சாய்வாக விழுகிறது. இப்போது தலையைத் திருப்புங்கள். சிற்றாலயத்தின் உண்மையான சன்னலும் அதே பக்கம், பீடத்துக்கு மேலே இருக்கிறது. அறையின் வெளிச்சம் ஓவியத்துக்குள் நுழைந்ததுபோல் வரைந்திருக்கிறார். எவ்வளவு நல்ல அச்சுப்படமானாலும் இதைக் காட்டாது.

வழிபாடு நடக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே சுற்றாமல் காத்திருங்கள். அது முதலில் பக்தர்களின் இடம்.

5. இடம் மாறியவற்றை இரு முறை பாருங்கள்

மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை 1504இல் புளோரன்ஸ் நகர ஆட்சி மாளிகையின் முன்னால் நிறுத்தப்பட்டது. 1873இல் அக்காதெமியா கூடத்துக்குப் போனது. சதுக்கத்தில் இப்போது நிற்பது நகல். நகல்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். உளி வேலையை அசலில் பார்க்கலாம். அரண்மனை வாசலில் காவல் நிற்கும் தோரணையை நகலில்தான் பார்க்க முடியும்.

6. சுவரோவியங்களைப் பற்றி அங்கே வசிப்பவரிடம் கேளுங்கள்

பிலடெல்பியாவின் சுவரோவியத் திட்டம் 1984இல், சுவரில் கிறுக்குவதைத் தடுக்கும் முயற்சியிலிருந்து பிறந்தது. இத்தகைய ஓவியங்களில் அந்தத் தெருவின் மனிதர்களே இருப்பதுண்டு. யார் முகம் அது என்று கேட்டால் பலர் மகிழ்ந்து சொல்வார்கள். ஆட்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள்.

7. அதே தெருவுக்கு வேறு நேரத்தில் போங்கள்

உச்சி வெயில் நேராக விழுந்தால் புடைப்புச் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். காலை, மாலைச் சாய்வெளிச்சத்தில்தான் நிழல் விழுந்து மடிப்புகளும் விரல்களும் தெளிவாகும். நேரம் குறைவாக இருந்தால் நடுப்பகலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிவிட்டு, தெருவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.