பல்லைக் காப்பாத்துற டென்டிஸ்ட் ஆகணுமா, இப்படி ஆரம்பிங்க

பிடிஎஸ் முடிச்சிட்டு, புடுங்குறத விட இருக்கற பல்லைக் காப்பாத்தணும்னு ஆசை இருக்கா? நீட் எம்டிஎஸ்ங்கற மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி, பல்லைக் காப்பாத்துற பிரிவான கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி எடுக்கலாம், 3 வருஷம். சீட் கிடைக்கலன்னாலும் கிளினிக்ல இருந்தே பழகலாம்.

முதல்ல ரப்பர் டேம், அதாவது வேலை பண்ற பல்லுல எச்சில் படாம தடுக்கற ரப்பர் ஷீட். எச்சில் பட்டா பாண்டிங், அதாவது ஃபில்லிங்கைப் பல்லோட ஒட்ட வைக்கறது, சரியா நிக்காது, அதனால இத தவிர்க்கவே தவிர்க்காதீங்க. 1955ல புவோனகோர்ங்கற டென்டிஸ்ட் பல்லோட மேல் ஓடான எனாமல்ல ஆசிட் வச்சு ரெசின ஒட்ட வச்சாரு, அதுல இருந்து வந்த வழிதான் இந்த பாண்டிங், ஃபில்லிங் நிக்கணும்னே நல்ல பல்லை குடைய வேண்டிய அவசியம் ரொம்பவே குறைஞ்சிருச்சு.

ஆழமான சொத்தைதான் உண்மையான பரீட்சை. கோல்ட் டெஸ்ட் பண்ணி, அதாவது பல்லுல குளிர்ச்சியா வச்சுப் பார்த்து, நரம்பு உயிரோட இருக்கான்னு பாருங்க, ராத்திரில தானா வலிக்குதுன்னா அடுத்து சொல்ற முறை வேண்டாம். ஓரமெல்லாம் கெட்டியான பல் வர்ற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க, நரம்புக்கு மேல மட்டும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கறத விட்டுட்டு நல்லா சீல் பண்ணிடுங்க, உள்ள மாட்டுன கிருமிக்கு சாப்பாடு கிடைக்காம சொத்தை நின்னுரும். எல்லாத்தையும் சுரண்டி நரம்பைத் திறக்கறத விட இது எவ்வளவோ மேல்.

சொத்தையோட ஆரம்பமா வர்ற, குழி விழாத வெள்ளைத் திட்டுக்கு டிரில்லே எடுக்காதீங்க, ஃப்ளோரைடு வார்னிஷ் போட்டு, பிரஷ் பண்ண சொல்லிக்குடுத்து, திரும்ப வரச்சொல்லி போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க.