மறுவாழ்வு முகாம்களில் தன்னார்வப் பல் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையின் தலைவாசலான திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 முதல் பல கட்டங்களாகக் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு வாழ்கிறார்கள். திருச்சியிலிருந்தோ தஞ்சாவூர், கும்பகோணத்திலிருந்தோ அங்கே சென்று கட்டணமின்றிப் பல் சிகிச்சை அளிக்க முன்வரும் மருத்துவர்களின் நல்லெண்ணத்தில் குறையேதும் இல்லை. ஆனால் அப்படிச் செல்லும் குழுக்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. தாங்கள் முகாமில் இருக்கும் சில மணி நேரத்தையே சிகிச்சை என்று எண்ணிக்கொண்டு, தாங்கள் கிளம்பிய பின் வரும் நாட்களை எவர் பொறுப்பிலும் ஒப்படைக்காமல் போய்விடுகிறார்கள்.

இந்தத் தவறு மிகத் தெளிவாகத் தெரிவது பல் பிடுங்குவதில்தான். காப்பாற்ற முடியாத, வலி கொடுக்கும் பல்லை எடுப்பது சரியான சிகிச்சையே. ஆனால் அன்று எத்தனை பற்கள் எடுக்கப்பட்டன என்பதை வெற்றியின் அளவாக வைத்துக்கொள்ளும் குழு, நிரப்பிக் காப்பாற்றக்கூடிய பல்லையும் எடுத்துவிடும். பல் எடுத்த இடத்தில் இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரியும்போது உண்டாகும் கடும் வலி, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை முடித்துக் குழு ஊர் திரும்பிவிட்டால், புதன்கிழமை வலியோடு இருக்கும் மனிதர் யாரிடம் போவார்? முகாமில் பல ஆண்கள் தினக்கூலிக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள். சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஒருவருக்கு மறுநாள் ஓய்வு தேவைப்படும் என்றால், அதைப் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லி, எந்த நாள் அவருக்கு வசதி என்று கேட்க வேண்டும்.

ஆகவே தேதி குறிப்பதற்கு முன்பே, அந்த வாரம் முழுவதும் அழைப்பை ஏற்கும் ஒரு தொலைபேசி எண்ணும், கட்டணமின்றிப் பார்க்க ஒப்புக்கொண்ட பல் மருத்துவர் ஒருவரும் அருகிலேயே இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே வீக்கம் பரவினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, வாய் திறக்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவிட்டு வர வேண்டும். மேல்சிகிச்சைக்கு மருத்துவமனையின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புவதும் அரைகுறை வேலைதான். முகாம்வாசிகள் வருமான வரம்பின்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியும். அட்டை இல்லாதவர் யார் என்று அன்றைக்கே விசாரித்து வழிகாட்டினால், வேறு பெரிய நோய்க்கும் அது பயன்படும்.

இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பார்க்காமல், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் ஊசி போடுவதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. அது எந்த இடத்திலும் தவறு. வலி என்று வந்த எல்லோருக்கும் அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவதும் அப்படியே.

கருவிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டும். கொதிநீரில் போட்டு எடுத்தால் கருவி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. கொதிநீர் நுண்ணுயிர் வித்துகளைக் கொல்லாது. 2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு கரைசலில் முழுமையான கிருமிநீக்கம் நடக்க 10 மணி நேரம் ஆகும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே இருபது நிமிடம் ஊற வைப்பது அதற்கு ஈடாகாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் நீராவி அழுத்தத்தில் இருந்த கருவிகளையே பயன்படுத்த வேண்டும். மின்சாரமும் ஆட்டோகிளேவும் அங்கே கிடைக்கும் என்று உறுதியில்லையென்றால், கட்டிக் கொண்டுபோன கருவித் தொகுதிகள் எத்தனையோ, அத்தனை பேருக்கு மேல் அன்று கருவி வைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பது ஒரு காரணம் ஆகாது. அவர்களுக்கு அடுத்த தேதியைக் கொடுக்கலாம்.

மின்சாரம் இல்லாததால் பல் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் 1980-களில் தான்சானியாவில் உருவான ஒரு முறையில், சொத்தையைக் கைக்கருவிகளால் சுரண்டி எடுத்துவிட்டுக் கிளாஸ் அயனோமர் சிமெண்டால் நிரப்புகிறார்கள்; டிரில் வேண்டியதில்லை, பெரும்பாலும் மரத்துப்போக வைக்கும் ஊசியும் வேண்டியதில்லை. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் இதை முன்னிறுத்தியது. 2021-இல் அந்த நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் கிளாஸ் அயனோமரும், சொத்தையில் தடவும் மருந்தான சில்வர் டயமைன் ஃபுளோரைடும் இடம்பெற்றன. நம் ஊர்ச் சித்திரை, வைகாசி வெயிலில் இந்தச் சிமெண்ட் சீக்கிரமாக இறுகிவிடும். கலக்கும் கண்ணாடிப் பலகையைக் குளிர்ச்சியாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். சில்வர் டயமைன் ஃபுளோரைடு சொத்தையை நிறுத்தும், ஆனால் அந்த இடத்தை நிரந்தரமாகக் கருப்பாக்கிவிடும். இதைத் தாயிடம் முன்கூட்டியே காட்டி விளக்காமல் குழந்தையின் முன்பல்லில் தடவினால், அடுத்த முறை அந்தத் தாய் வரமாட்டார். அவர் வராதது நியாயமும்கூட.

பெரியவர்களின் வாயைப் பார்க்கும்போது வலிக்கும் பல்லோடு நிறுத்திவிடக் கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் படுகை ஊர்களிலும் உண்டு, முகாமிலும் உண்டு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று 2004-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பத்துப் பேருக்குப் பல் சுத்தம் செய்வதைவிட, அப்படி ஒருவரைக் காலத்தில் கண்டுபிடித்து அனுப்புவதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அனுமதி விஷயத்தில் அவசரம் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைப் பெற்று, முகாம் பொறுப்பு அலுவலரிடமும் முகாம் தலைவரிடமும் பேசி, முகாம்வாசிகளை அதிகாரிகள் சரிபார்க்கும் மாதாந்தரத் தணிக்கை நடக்கும் நாளைத் தவிர்த்து, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிப் பந்தலை நம்பக் கூடாது. அதிகாரிகளையும் விருந்தினர்களையும் சிகிச்சை நாற்காலிக்கு அருகில் உட்கார வைக்கவும் கூடாது; பதிவேட்டுக்கும் விசாரணைக்கும் பழகிப்போன மக்கள், கேட்கும் கேள்விக்கு எது பாதுகாப்பான பதிலோ அதையே சொல்வார்கள், நோயின் வரலாறு வெளியே வராது.

கழிவுகளை முகாமின் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவது குற்றம். 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவ முகாம்களுக்கும் பொருந்தும். ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கொள்கலத்திலும், இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும் குழுவோடு திரும்பி வந்து, அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சேர வேண்டும்.

கடைசியாக, படமும் பதிவும். வாய் திறந்து படுத்திருப்பவரைப் படம் பிடித்துப் பகிர்வதற்கு எந்தத் தேவையும் இல்லை. என்ன செய்தோம், எந்த மருந்து கொடுத்தோம், மறுபடி எப்போது பார்க்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிய சீட்டு நோயாளியின் கையில் இருக்க வேண்டும். குழு தன்னிடம் வைத்துக்கொள்ளும் குறிப்பில் தொடர் சிகிச்சைக்கு வேண்டியதற்கு மேல் எந்தத் தகவலும் இருக்கக் கூடாது.