லூட் பாக்ஸ்: வயது முத்திரையை நம்பிச் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22 முதல் வீடியோ கேம்களுக்குப் புதிய விதி நடப்பில் இருக்கிறது. உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் ஒரு கேமில் இருந்தால், அதற்குக் குறைந்தபட்சம் ‘எம்’ என்ற வயதுத் தரம் கொடுக்க வேண்டும். சூதாட்டத்தையே போலியாக ஆடவைக்கும் கேம்களுக்கு ‘ஆர் 18+’, அதாவது பெரியவர்களுக்கு மட்டும் என்ற தரம்.

இந்த ‘எம்’ முத்திரையைத் தடை என்று எண்ணுவதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது உகந்ததல்ல என்ற பரிந்துரை மட்டுமே அது. 12 வயதுப் பிள்ளைக்கு அந்த கேமை விற்றாலும் சட்டமீறல் இல்லை. சட்டக் கட்டுப்பாடு ‘எம்ஏ 15+’ தரத்தில்தான் தொடங்குகிறது. பெல்ஜியம் 2018-லேயே கட்டண லூட் பாக்ஸைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பிள்ளைகளின் ஆசையைக் காசாக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு வெறும் பரிந்துரை போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து.

முத்திரை இல்லையென்றால் பெட்டியும் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 22-க்கு முன்பே தரம் பெற்ற கேம்களுக்குப் புதிய விதி தானாகப் பொருந்தாது. பிள்ளை பல ஆண்டுகளாக ஆடிவரும் கேமில் பழைய தரமே இருக்கலாம்.

பெட்டியில் வரக்கூடிய ஓர் அரிய பொருளுக்கு “நூறில் ஒரு வாய்ப்பு” என்று திரையில் போட்டிருந்தால், நூறு முறை திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பெரியவர்களும்தான். ஒவ்வொரு முறையும் வாய்ப்பு 1 சதவீதமாகவே இருந்தால், நூறு பெட்டிகளைத் திறந்த பிறகும் கிடைக்காமல் போவதற்கு ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விலை கேமுக்குள் மட்டும் செல்லும் ரத்தினங்களிலோ நாணயங்களிலோ இருந்தால், அவற்றை வாங்கிய உண்மையான பணத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள். தொகையை மறைப்பதற்கு அந்த இடைநாணயம் நன்றாகவே உதவுகிறது.

கடைசியாக ஒன்று, இது நம் கையிலேயே இருப்பது. பதிவு செய்யும் அவசரத்தில் பிள்ளையின் கணக்கில் பெற்றோரின் பிறந்த தேதியைக் கொடுத்துவிடுகிறோம். அதன்பின் அந்தக் கணக்கு பெரியவருடையதாகிவிடுவதால் சிறுவர்களுக்கான பாதுகாப்புகள் அதற்குக் கிடைப்பதில்லை. சரியான பிறந்த தேதியோடு சிறுவர் கணக்கைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வாங்குதலுக்கும் உங்கள் அனுமதி கேட்கும்படி அமைத்துவிடுங்கள். சேமித்து வைத்த வங்கி அட்டை விவரத்தை நீக்கிவிடுங்கள்.