வரப்புல உடும்பு வளை இருந்தா என்ன பண்றது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோட்டம் வச்சிருக்கறவங்களுக்கு இது புதுசில்லைங்க, மம்பட்டிய எடுத்துட்டு வரப்பு வெட்டப் போனா ஒரு வளை இருக்கும், எலி வளைன்னு நெனச்சு மண்ணத் தள்ளி மூடிட்டு வந்துருவோம். நானும் அப்படித்தான் மூடுனேன். மறுநாள் வெயில் ஏறுனப்பறம் போய்ப் பாத்தா மண்ணெல்லாம் வெளிய வாரி எறிஞ்சு கெடக்கு, வாசல்ல ஒரு உடும்பு தலைய மட்டும் நீட்டி நாக்க உள்ள வெளிய விட்டுகிட்டு குளிர் காயுது.

அதனால மொதல்ல எலியா உடும்பான்னு பாருங்க. வாசல் புழுதில நடுவுல வால் இழுத்த கோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகும், பாம்புன்னே நெனைப்பீங்க, ஆனா ரெண்டு பக்கமும் நகம் பதிஞ்சிருக்கும். சந்தேகமா இருந்தா சாயங்காலம் சலிச்ச மண்ணக் கொஞ்சம் தூவிட்டு வந்து அடுத்த நாள் மதியத்துக்கு மேல பாருங்க, அது பகல்ல நடமாடுற ஜீவன், விடியறப்பவே போய் ஒண்ணுமில்லன்னு முடிவு பண்ணாதீங்க. கைய மட்டும் உள்ள விட்டுறாதீங்க, அந்த மாதிரி வளைல நல்ல பாம்பும் இருக்கும்.

உடும்புதான்னு தெரிஞ்சா அந்த எடத்த வெட்டாம விடறதுதான் வேலையே. பக்கத்துல ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க, ஜேசிபி ஓட்டறவர் கண்ணுல படணும். தண்ணி கசியுதுன்னா வளைய அடைக்காம வயல் பக்கம் ஒரு முழம் உள்ள தள்ளி சின்னதா அரைவட்ட வரப்பு போட்டுக்கங்க, நான் அப்படித்தான் போட்டேன், ரெண்டு நாத்து போச்சு, அவ்வளவுதான்.

எவ்வளவு நாளைக்குன்னு கேப்பீங்க. பொட்ட உடும்பு மழைக்காலத்துல குழி தோண்டி இருபது முப்பது முட்டை போட்டு மண்ணால மூடிட்டு, ஏமாத்தறதுக்குப் பக்கத்துலயே சும்மா ரெண்டு குழியும் நோண்டி வச்சுட்டுப் போயிரும், அடைகாக்கறதெல்லாம் கெடையாது, பொரியறதுக்கு எட்டு மாசம்கூட ஆகும். பத்து நாளா ஒண்ணையும் காணோம்னு வெட்டிறாதீங்க. தெரியாம வெட்டி முட்டை வெளிய வந்துருச்சுன்னா புரட்டாம, எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அப்படியே அதே ஈர மண்ணப் போட்டு மூடிட்டு பாரஸ்ட் ஆபீசுக்கு போன் பண்ணுங்க.

கோழி வச்சிருக்கறவங்க கோவம் நியாயம்தான், முட்டையும் குஞ்சும் தின்னும். கூண்டுக்கு சின்னக் கண்ணு வலையா அடிச்சு ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்கிருங்க. வண்டு, நண்டு, எலின்னு அது தின்றதையும் கணக்குல வைங்க. கெணத்துல விழுந்துருச்சுன்னா சாக்கு சுத்துன தென்னந்தடி ஒண்ண சாச்சு வச்சுட்டு ஆளுக தள்ளிப் போனாப் போதும், அதுவே ஏறிரும், அதுக்கா ஏறத் தெரியாது.

எங்க மச்சான் ஒருத்தர், இடுப்பு வலிக்கு உடும்புக்கறி கேக்கறவர். அவருக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். 1972 வனவிலங்குச் சட்டத்துல இது முதல் அட்டவணை, புலி யானை இருக்கற அதே லிஸ்ட். 2022 திருத்தத்துக்கு அப்பறம் கொறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் உள்ள, அபராதம் 25,000க்குக் கொறையாது. புடிக்கறதும் முட்டைக்குழியக் கலைக்கறதும்கூட சட்டப்படி வேட்டைதான். நல்ல மனசோட சாக்குல கட்டி பைக்ல வச்சு வாளையார் தாண்டி விடப் போனீங்கன்னாலும் செக்போஸ்ட்ல என்னன்னு சொல்லுவீங்க? கறிக்கு, எண்ணெய்க்கு, அந்தக் காலத்துல கஞ்சிராவுக்குத் தோலுன்னு உரிச்சது போதாதுன்னு இப்ப ஆண் உடும்போட உறுப்பக் காய வச்சு ஹத்தா ஜோடி, பூஜை வேருன்னு விக்கறாங்க, யாராவது குடுத்தா வாங்காதீங்க.

வீட்டுக்குள்ள வந்துட்டா நாயக் கட்டிட்டு, உள்கதவுகள அடைச்சு வாசக்கதவ மட்டும் தொறந்து வச்சுட்டு எல்லாரும் வெளிய வந்துருங்க. மூலைல நெருக்குனா வாலால அடிக்கும், கவ்வுனா லேசுல விடாது, உடும்பு வேண்டாம் கைய விட்டாப் போதும்னு சும்மாவா சொன்னாங்க. கடிச்சா விஷம் ஏறி செத்துப் போக மாட்டீங்க, ஆனா வாயெல்லாம் கிருமி, சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு ஆஸ்பத்திரி போய் டிடி ஊசி போட்டுக்கங்க. மச்சான் போட்டுக்கிட்டார். எப்படிக் கடிச்சுதுன்னு டாக்டர் கேட்டதுக்குத்தான் முழிச்சார்.